மார்மன் சாரின் சாட்சி

இடுப்பின் இடது பக்கம் ஆணி அடித்ததுபோல வலி பிடித்துக்கொண்டது. விற்காமல் திரும்பி வந்த புத்தகப் பெட்டிகளை மாடிக்குத் தூக்கியதில் வந்த வலி. சின்ன வயதில் மல்லாட்டைக் கொல்லையில் கடலை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் ஓடிய உடம்பு, இருபத்தாறு வருஷம் காலேஜ் நாற்காலியில் உட்கார்ந்து கெட்டுப்போயிருந்தது. வெற்றிவேல் நான்காவது பெட்டியைப் பாதிப் படியில் இறக்கி, அதன்மேலேயே உட்கார்ந்தான்.

உள்ளே இருந்தது அவன் எழுதிய புத்தகம். 'தங்கத் தகடும் பதினோரு சாட்சிகளும்'. அமெரிக்காவில் இருநூறு வருஷத்துக்கு முன் ஜோசப் ஸ்மித் என்ற குடியானவன் வீட்டுப் பையன், குன்றில் புதைந்திருந்த தங்கத் தகடுகளைத் தேவதூதன் காட்டினான் என்றும், அதிலிருந்த எழுத்தைப் பெயர்த்து எழுதினேன் என்றும் சொல்லி மார்மன் மதத்தை ஆரம்பித்த கதை. எம்.ஃபில். படிக்கும்போது சென்னையில் வெள்ளைச் சட்டை போட்ட வெளிநாட்டுப் பையன் ஒருவன் அந்த வேதத்தை அவன் கையில் திணித்தான். தகட்டைப் பார்த்தோம் என்று பதினோரு பேர் அதில் சாட்சி சொல்லியிருந்தார்கள். அன்றைக்குப் பிடித்த சந்தேகம். முதலில் சாட்சி சொன்ன மூன்று பேர் தனி. அடுத்து எட்டுப் பேர் சேர்ந்து சொன்ன சாட்சியில் மூன்று பேர் ஸ்மித்தின் தகப்பனும் சகோதரர்களும். மிச்சம் ஐந்து பேர் இன்னொரு வீட்டு அண்ணன் தம்பிகளும் மாப்பிள்ளையும். இது சாட்சியா, கல்யாணப் பத்திரிகையா என்று வெற்றிவேல் எழுதினான். இருபத்திரண்டு வருஷம் அதையே எழுதினான். செஞ்சியில் அவனுக்கு மார்மன் சார் என்று பேர் வந்ததுதான் மிச்சம். மதம் மாறியவர் கறி சாப்பிடுவாரா என்று மச்சான் வீட்டிலிருந்து ஒரு தடவை கேட்டு அனுப்பினார்கள்.

"இன்னாங்க, பெரியதம்பி அண்ணன் போட்டோ பேப்பர்ல வந்திருக்குது" என்று கீழேயிருந்து மனைவி வளர்மதி குரல் கொடுத்தாள். "கல்லு பக்கத்துல நிக்கிறாரு. நல்லா இருக்குறாரு."

வெற்றிவேல் அந்தப் பேப்பரைக் காலையிலேயே டீக்கடையில் மூன்று தடவை படித்துவிட்டிருந்தான். 'கண்டக்டர் கண்டெடுத்த ஆயிரத்து முந்நூறு ஆண்டு நடுகல்'. மாடு மீட்கப் போய்ச் செத்த ஒருவனுக்கு நட்ட கல், மேலே நாலு வரி வட்டெழுத்து. பெரியதம்பி அரசு பஸ் கண்டக்டர். காலேஜில் ஒரே பெஞ்சு. இரண்டு பேப்பர் அரியர் வைத்து முடித்தவன். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு ஒரு வருஷம் போய்ப் பழைய எழுத்து கற்றுக்கொண்டான். அவ்வளவுதான். வெற்றிவேல் முனைவர் பட்டம் வாங்கியவன். அவன் பேர் ஒருநாளும் பேப்பரில் வந்ததில்லை, வீட்டு மனை விற்க விளம்பரம் கொடுத்ததைத் தவிர. வயிறு எரிந்தது. அது பசி இல்லை என்று அவனுக்கே தெரிந்தது.

சாயங்காலம் டூட்டி முடிந்து, காக்கிச் சட்டையோடு பெரியதம்பி வந்தான்.

"மார்மன் சார் இருக்காராம்மா?"

"பொட்டி தூக்கி இடுப்பு புடிச்சிக்கினு உக்காந்திருக்கிறாரு."

"லக்கேஜ் எல்லாம் நம்ம டிபார்ட்மெண்ட்டு. சொல்லியிருந்தா வந்திருப்பேன்ல." வந்தவன் வலிக்கிற பக்கமாகவே இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "டேய், என் கல்லு மேல பிராது குடுத்துட்டானுங்க."

கல்லின் போட்டோவைப் போன மாதமே வட்டார வரலாற்றுக் கழகத்துக்குக் கொடுத்திருந்தான். அதைப் பார்த்துவிட்டு யாரோ இரண்டு பேர் அங்கே கடிதம் போட்டிருந்தார்கள். எழுத்துக் கோடு வெள்ளை வெளேரென்று இருக்கிறதாம். கண்டக்டரே உளி வைத்து வெட்டியிருக்கிறானாம்.

"கம்பி பிரஷ் போட்டா வெள்ளையாதான் இருக்கும். கல்ல இரும்பால தேய்க்கக் கூடாதுன்னு எனக்கு அப்ப யார்ரா சொன்னாங்க? போட்டோவும் தேச்சப்புறம்தான் எடுத்தேன். நாளைக்கு கழகத்துலேருந்து குருன்னு ஒருத்தர் வராரு உன்கிட்ட. தேய்க்கறதுக்கு மின்னாடி பாத்தவன் நீ ஒருத்தன்தான். பாத்தத சொல்லு, போதும்."

"சொன்னா இன்னா ஆகும்?"

"கழக மலர்ல போடுவாங்க. கல்லு மியூசியத்துக்குப் போவும். பக்கத்துல பலகையில என் பேரு, எங்க காலனி பேரு ரெண்டும் எழுதுவாங்க. சொல்லலன்னா நான் கல்லு வெட்டி ஏமாத்தினவன். பஸ்ல ஏறுறவன்லாம் கேப்பான், டிக்கெட்டாவது ஒரிஜினலான்னு." சிரித்தான். பிறகு, கேட்க நினைத்து வெகுநாளாக வைத்திருந்ததுபோலக் கேட்டான்: "உன் புத்தகத்த டிப்போவுல உக்காந்து ரெண்டு தடவ புரூப் பாத்தேன். ஒண்ணு மட்டும் விளங்கலடா. மொதல்ல சாட்சி சொன்ன மூணு பேரு பின்னாடி அந்த ஸ்மித்தோட சண்ட போட்டுக்கினு வெளிய வந்துட்டானுங்க. கண்டபடி ஏசுனானுங்க. ஆனா ஒருத்தனும், நான் தகட்ட பாக்கலன்னு மாத்திச் சொல்லலியே. ஏன்?"

"மானம் போயிடும்னு பயந்திருப்பாங்க."

"அவ்ளோ ஆத்திரத்துலயா? ஆத்திரக்காரன் மானத்த பாப்பானா?"

அந்தப் புத்தகத்தை முழுசாகப் படித்த ஒரே ஆள் அவன்தான். அதுவும் வெற்றிவேலுக்கு எரிந்தது.

கல் கிடைத்தது போன வருஷம் ஆடி மாதத்தில். தளவானூர்ப் பக்கம் பெரியதம்பியின் சொந்த ஊர், காலனியை ஒட்டிய ஏரிக்கரை. சனங்கள் காலகாலமாகத் துணி துவைத்த கல். சோப்புக் கறையும் பாசியும் ஏறிக் கிடந்தது. "இதுல என்னமோ இருக்குதுடா" என்று பெரியதம்பி வெற்றிவேலைக் கூட்டிக்கொண்டு போனான். வெற்றிவேல் குந்தி உட்கார்ந்து விரலை வைத்தான். பாசிக்கு அடியில் பள்ளம் தட்டுப்பட்டது. ஒரு சுழி, ஒரு இறக்கம், மறுபடி ஒரு சுழி. எத்தனையோ தலைமுறைத் துணி பட்டு ஓரம் மழுங்கியிருந்தது. புதிதாக வெட்டிய கோடு அப்படி மழுங்காது. எழுத்துதான். விரல் அதைச் சொன்ன அந்த நொடியிலேயே இன்னொன்றும் தோன்றியது: இவனுக்கா?

எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "எழுத்தும் இல்ல ஒண்ணும் இல்ல. கீறல்" என்றான்.

பெரியதம்பியின் முகம் விழுந்துபோயிற்று. "இல்லடா, இரு, காட்டுறேன்" என்று வீட்டுக்கு ஓடி, இரும்புக் கேட்டில் துரு சுரண்டும் கம்பி பிரஷைக் கொண்டுவந்தான். மைப்படி எடுப்பவர்கள் தண்ணீர் விட்டு, நார் பிரஷால் பட்டும் படாமல் கழுவி, ஈரத் தாளை ஒட்டி மை ஒற்றுவார்கள். வெற்றிவேலுக்கு அது தெரியும். கம்பி பட்டால் பழைய கோட்டின் மேல்தோல் உரியும், அப்புறம் அதன் வயதை யாரும் நம்ப மாட்டார்கள் என்பதும் தெரியும். கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சிநேகிதனை நம்ப வைக்கப் பெரியதம்பி முக்கால் மணி நேரம் வேர்வை சொட்டச் சொட்டத் தேய்த்தான். வெற்றிவேல் வாயைத் திறக்கவில்லை.

குரு மறுநாள் பத்து மணிக்கு வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் தோல் பை.

"டாக்டர், உங்க மார்மன் நூலை வாங்கி வச்சிருக்கேன். இன்னும் படிக்கல. நம்ம கழகத்துல அதுக்கு ஒரு கூட்டம் போடலாம்னு பேச்சு இருக்கு" என்று ஆரம்பித்தார். பிறகு குரலைத் தணித்தார். "அந்தக் கண்டக்டர் நல்ல மனுஷன்தான். ஆனா அவங்க தெருவுலயே எடுத்திருக்காரு பாருங்க. அதான் எல்லாருக்கும் ஒரு மாதிரி இருக்கு."

'ஒரு மாதிரி' என்றால் என்ன என்று வெற்றிவேல் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும். ஊர்த் தெருவில் எடுத்திருந்தால் யாருக்கும் ஒரு மாதிரியும் இருந்திருக்காது.

"நீங்க பாத்தப்ப எழுத்து இருந்துச்சா?"

ஸ்மித்தின் முதல் சாட்சிகள் மூன்று பேரும் ஏன் மாற்றிச் சொல்லவில்லை என்று வெற்றிவேல் ஒரு அத்தியாயம் எழுதியிருக்கிறான். மாற்றிச் சொல்வது இவ்வளவு லேசு என்று அதில் எங்கேயும் எழுதவில்லை.

"எழுத்து மாதிரி தெரியல. கீறல்னு அன்னைக்கே அவன்கிட்ட சொன்னேன். கேட்டுப் பாருங்க, அவனே ஒத்துக்குவான்."

குரு எழுதிக்கொண்டு தாளை நீட்டினார். வெற்றிவேல் பட்டத்தையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டான். வந்தவர் படி இறங்கியதும் வளர்மதி அடுப்படி வாசலுக்கு வந்தாள்.

"அன்னிக்கு வந்து சோறு துன்னும்போது என்கிட்ட சொன்னீங்களே. அந்த ஆளுக்கு அதிஷ்டம், நெஜமாவே பழைய எழுத்துதான்னு."

"நீ சும்மா இரு."

அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். அன்றைக்குச் சோற்றைத் தட்டில் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

தை மாதம் கழக மலர் வந்தது. அந்தக் கல் அதில் இல்லை. 'ஐயத்துக்குரியவை' என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி, அதில் பெரியதம்பியின் பேர் மட்டும் இருந்தது. கல் ஏரிக்கரையிலேயே கிடக்கிறது. மார்மன் புத்தகத்துக்குக் கூட்டமும் போடவில்லை.

பெரியதம்பி இரண்டு வாரம் கழித்து வந்தான். உட்காரவில்லை.

"கீறல்னு சொன்னியாமே."

"அன்னைக்கு உன்கிட்ட சொன்னதத்தான் சொன்னேன்."

"அத நானும் அவருகிட்ட ஒத்துக்கினேன்." வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டான். "உனக்கு நெஜமாவே தெரியலியாடா?"

இப்போதுகூட நேரம் இருந்தது. வளர்மதி கையிலிருந்த டீத் தம்ளரை யாருக்கும் கொடுக்காமல் நின்றாள்.

"தெரியலடா."

பெரியதம்பி தலையை ஆட்டினான். நம்பிவிட்டான். "அப்ப சரி. தெரியாதவன் தெரியலன்னுதான் சொல்லணும். எனக்காகப் பொய்யா சொல்லுவ?" என்று சொல்லிவிட்டு, டூட்டிக்கு நேரமாகிறது என்று அவலூர்பேட்டை பஸ்ஸுக்குப் போனான்.

வெற்றிவேல் அவனுக்கு ஒரே ஒரு வாக்கியம் பாக்கி வைத்திருக்கிறான். 'நீ தேய்ப்பதற்கு முன்னாடியே அதில் எழுத்து இருந்தது, நான் விரல் வைத்துப் பார்த்தேன்' என்ற வாக்கியம். அதை இதுவரை கொடுக்கவில்லை.