எஸ்தரின் கல்யாண நாள்

“வெள்ளைச் சேலை ஒண்டும் இல்லையா அத்தான்?” என்று மச்சினிச்சி கேட்டபோது, தங்கராசா நீலச் சேலையைக் கையில் எடுத்திருந்தார்.

“இதையே உடுத்திவிடுகா. ராத்திரி அவவே அயன் பண்ணி வெச்சது.”

அந்தச் சேலையோடு அவர் மனைவி புஸ்பம் அன்று எஸ்தரின் கல்யாணத்துக்குப் போயிருக்க வேண்டும். விடியற்காலையில் தேத்தண்ணி ஊற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், ஓட்டோ வருமுன்பே கணவரின் மடியில் அடங்கிவிட்டாள்.

சுனாமி அவர்களுடைய பிள்ளைகள் இருவரையும் கொண்டுபோன மறுவருசம் பெரியகல்லாற்றுச் சபையில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தது. புஸ்பத்துக்குச் சொல்லவே எல்லோரும் தயங்கினார்கள். அவளோ தானாகவே போய், குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பாடினாள். அதன்பிறகு சபையில் யார் புதுத் தோணி இறக்கினாலும், யார் பிள்ளை பரீட்சையில் பாசானாலும், முதல் ஆளாக அங்கே நிற்பாள். தங்கராசா எதற்கும் போவதில்லை.

“உனக்கு எப்பிடி மனம் வருது?” என்று ஒருமுறை கோபமாகவே கேட்டார்.

“மனம் வந்தொண்டும் நான் போறல்ல. போனாப் பிறகுதான் வருது,” என்றாள் அவள்.

சேலை உடுத்தி முடிக்கையில் எஸ்தரின் தாய் நேசமலர் ஓடிவந்தாள். தலை சீவியிருக்கவில்லை. பிரேதத்தின் காலடியில் விழுந்து அழுதுவிட்டு எழுந்தாள்.

“கல்யாணத்த நிப்பாட்டிப் போட்டம் அண்ணன்.”

“மாப்பிள்ள கத்தாருக்குப் போற எண்டெல்லோ சொன்னீங்க?”

“ஓம், நாளண்டைக்குப் பிளைட். அடுத்த லீவுல வெச்சிக்குவம்.”

“அது எப்ப?”

“ரெண்டு வருசமாகும்.”

தங்கராசா மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

“யுத்தம் முடிஞ்சு நம்மட சேர்ச்சில முதல் கல்யாணம் எண்டு இவ ஒரு மாதமா என்னை நித்திரை கொள்ள விடல்ல. இவவச் சாட்டி நிப்பாட்டினா என்னை மன்னிக்கமாட்டா. போ புள்ள, மகள உடுத்தி வெளிக்கிடுத்து. அடக்கம் பின்னேரந்தானே. நான் வாறன்.”

“நீங்களா?”

“ஓம். நான்தான்.”

முகம் வழித்து, வெள்ளைச் சேட்டு போட்டுக்கொண்டு போனார். அவர் உள்ளே வந்ததும் ஆலயத்துச் சனம் திரும்பிப் பார்த்தது. முன்வரிசையில் புஸ்பம் வழக்கமாக இருக்கும் இடத்தை யாரும் எடுத்திருக்கவில்லை. அங்கே போய் இருந்தார். பக்கத்தில் இருந்த பெண்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள்.

போதகர் பாட்டைச் சொன்னார். ஆர்மோனியம் முதல் வரியை வாசித்து முடித்தும் யாருக்கும் குரல் எழவில்லை. மணப்பெண் தலையைக் குனிந்துகொண்டாள். தங்கராசா எழுந்து நின்று பாடத் தொடங்கினார். ராகம் அவருக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை; ஆனாலும் உரத்துப் பாடினார். பின்னாலிருந்த ஒருத்தி அழுகையோடு சிரித்துவிட்டு, அவரைச் சரியான ராகத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். இரண்டாம் சரணத்தில் ஆலயமே சேர்ந்து பாடியது. எஸ்தர் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

ஆசீர்வாதம் முடிந்ததும் அவர் வீட்டுக்கு விரைந்தார். சற்று நேரத்தில் ஒழுங்கை நிறையப் பட்டுச் சேலைகள் நடந்து வந்தன. கல்யாணச் சனம் முழுக்கச் சாப்பிடாமலே வந்திருந்தது. எஸ்தர் முக்காட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அழுகிற பெண்களுக்கு நடுவே தரையில் இருந்தாள்.

பந்தலில் இருக்கைகள் போதவில்லை. சேர்ச்சிலிருந்து நீள வாங்குகள் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் வந்து இறங்கின. மாப்பிள்ளை தன் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு ஒரு வாங்கின் முனையைப் பிடித்தான். மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை.

தங்கராசா போய்ப் பிடித்துத் தூக்கினார்.