அறுபதாவது ஆள்

1

அதைத்தான் சொல்றேன், அவர் ஓடியிருக்கவே கூடாது. கேன்டீன்ல உக்காந்து அந்த டீயைக் குடிச்சு முடிச்சிருந்தா போதும். ஒரு அரசாங்கம் பிழைச்சிருக்கும்.

சரி, இந்தக் கதை எங்க கெடைச்சுதுன்னு ஒத்துக்கறேன். ஒரு மதியம் வேற எதையோ தேடப் போய் நாடாளுமன்ற நேரலைல மாட்டிக்கிட்டேன். நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஓட்டு எண்ணியாச்சு, ஜெயிச்ச பக்கம் மேஜையைத் தட்டித் தூள் கிளப்பறாங்க. அந்த ஜெயிச்ச கூட்டத்துக்கு நடுவுலயே ஒரு பெரியவர் மட்டும் ரெண்டு கையாலயும் முகத்தை மூடிக்கிட்டு உக்காந்திருந்தார். கேமரா நகந்துடுச்சு. என்னால நகர முடியல. மீதி பூரா நான் கட்டினது.

2

முதல் தொடக்கம்:

ஜனநாயகத்தின் ஆணிவேர் நம்பிக்கை என்று அறிஞர்கள் காலங்காலமாக —

(பேச்சுப் போட்டி மாதிரி இருக்கு. தூக்கிப் போட்டாச்சு.)

இரண்டாவது:

அரசியலுக்கு வருமுன் இருபத்திரண்டு வருடம் சரக்கு ரயிலில் கார்டாக இருந்தவர். அதனால் சபை முழுக்க அவருக்குப் பெயரே ‘கார்டு’தான். எதிர்க்கட்சி வரிசையில், தூணுக்குப் பக்கத்து இருக்கை. சபையில் மொத்தம் நூற்றிருபத்தொரு பேர். அவைத் தலைவரை விட்டுவிட்டால் ஆளுங்கட்சி அறுபது, எதிர்க்கட்சி அறுபது. சமமாக வந்தால் மட்டும் அவைத் தலைவர் ஓட்டுப் போடுவார். இருப்பது இருக்கட்டும் என்று ஆட்சியைக் காப்பாற்றுவது அங்கே வழக்கம். அந்த ஒற்றை ஓட்டில்தான் அரசாங்கம் நாலு வருடமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

(இது பரவால்ல. கணக்கு புரிஞ்சுதுல்ல? ஒரு ஆள் தும்மினாக்கூட ஆட்சி ஆடும்.)

3

டீச்சர் ஆளுங்கட்சி. காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி, தலை நரைத்த பிறகு சபைக்கு வந்தவர். ஒவ்வொரு பள்ளியிலும் சைகை மொழி தெரிந்த ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும் என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். நாலு வருடம் குழு குழுவாக மல்லுக்கட்டி, இப்போதுதான் அடுத்த வாரம் நடக்கவிருக்கும் கடைசி ஓட்டெடுப்புக்கு வந்து நின்றது. அதற்குள் ஆட்சி கவிழ்ந்து சபை கலைந்தால் மசோதாவும் செத்துப்போகும். மறுபடி முதல் வரியிலிருந்து.

தாழ்வாரத்து பெஞ்சில் அவரும் கார்டும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே எதிரெதிர் வரிசை, வெளியே ஒரே பெஞ்சு. பதினோரு வருடப் பழக்கம்.

“கார்டு, வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன். வயித்துல கட்டி. ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாதுன்னுட்டார் டாக்டர்.”

“வியாழக்கிழமையா? அன்னிக்குத்தானே உங்க கவர்மென்ட்டுக்கு நாங்க நாள் குறிச்சிருக்கோம்!”

“சிரிப்பு வரல.”

“எனக்கும் வரலை டீச்சர். என்ன செய்யணும், சொல்லுங்க.”

“ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு வந்தாவது ஓட்டுப் போட வைக்கணும்னு எங்க ஆளுங்க குதிக்கறாங்க.”

“கூறுகெட்டவனுங்க. நான் வெளிய உக்காந்துடறேன். நீங்களும் இல்ல, நானும் இல்ல. கணக்கு சரியாப் போச்சு.”*

“உங்க மருமகனுக்குத் தெரிஞ்சா?”

“மணி அடிச்சது காதுல விழலைன்னுடுவேன்.”

“காது கேக்காதவங்க மேல பழி போடாதீங்க. வேற ஏதாவது பொய் சொல்லுங்க.”

* இதுக்குப் பேரு ‘ஜோடி’. இந்தப் பக்கம் ஒருத்தரால வர முடியலைன்னா, அந்தப் பக்கம் ஒருத்தர் ஓட்டுப் போடாம ஒதுங்கிக்கறது. எந்த விதிப் புத்தகத்துலயும் கெடையாது, வெறும் வாய்வார்த்தை. ஆனா ஆட்சியே போற ஓட்டெடுப்புல எந்தக் கட்சியும் ஜோடிக்கு ஒத்துக்காது. அதனால இவங்க ரெண்டு பேரும் திருட்டுத்தனமா. மருமகன்னு சொன்னது அவரோட அக்கா பையன். எதிர்க்கட்சிக் கொறடாவும் அவன்தான். யார் வந்தாங்க, யார் வரலைன்னு தலை எண்ணறதே அவன் வேலை.

4

(ஒரு சந்தேகம். டீச்சர் ரொம்ப நல்லவங்களா ஆயிட்டாங்களோ? இப்படி ஒருத்தரை நான் பார்த்ததே இல்ல. கொஞ்சம் புளி கரைச்சு ஊத்தறேன்.)

கார்டின் தொகுதிக்கு ஒரு பாலம் வரவேண்டியிருந்தது. அதை எதிர்த்து முக்கால் மணி நேரம் பேசி, இரண்டு ஓட்டில் தோற்கடித்தது டீச்சர்தான். முந்தின நாளே பெஞ்சில் உட்கார்ந்து, “நாளைக்கு உங்க பாலத்தைக் கிழிக்கப் போறேன்” என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் கிழித்தார். கார்டு ஏழு மாதம் பேசவில்லை. எட்டாவது மாதம் தானாகவே வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

(இப்ப மனுஷியா இருக்காங்க.)

5

வியாழக்கிழமை காலை தீர்மானத்தை ஆதரித்து கார்டே நாற்பது நிமிடம் பேசினார். நடிப்பில்லை. அவர் ஊர் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடமாக டாக்டர் கிடையாது. பதினோரு கடிதம் எழுதியும் அமைச்சரிடமிருந்து ஒரு வரி பதில் இல்லை. இந்த ஆட்சி போக வேண்டும் என்று அடிமனதிலிருந்து நம்பினார். நம்பிக்கொண்டே, மதியம் கேன்டீனுக்குப் போய், சுவரைப் பார்த்த நாற்காலியாகத் தேடி உட்கார்ந்தார்.

டீ வந்தது. போன் வந்தது. டீச்சரின் வீட்டுக்காரர்.

“அண்ணே, முடிஞ்சுது. நல்லபடியா முடிஞ்சுது. கெட்ட கட்டி இல்லையாம்ணே...” அவர் விம்மி அழுதார்.

“அழாதய்யா. அதான் முடிஞ்சுதுல்ல. அழாத” என்று கார்டும் அழுதுகொண்டே சொன்னார்.

ஓட்டெடுப்பு மணி அடித்தது. ஆறு நிமிடம் அடிக்கும், பிறகு கதவைச் சாத்திவிடுவார்கள். முப்பது வருடமாக அந்த மணிக்கு எழுந்த உடம்பு எழுந்தது. கண்ணைத் துடைத்தபடி, யாரிடமாவது இந்தச் சந்தோஷத்தைச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பில், கால்கள் படியேறின, தாழ்வாரத்தைத் தாண்டின, கூட்டத்தோடு கூட்டமாக இடது கதவு வழியாக உள்ளே நுழைந்தன. தீர்மானத்தை ஆதரிப்பவர்களின் கதவு அது; அதில் நுழைந்தாலே ஓட்டு விழுந்த மாதிரி. கதவோரம் நின்ற எழுத்தர் ஆளை எண்ணினார்.

“அறுபது.”

அப்போதுதான் கார்டுக்கு உறைத்தது.

6

முடிவை அவைத் தலைவர் வாசிக்கும்வரை ஒரு வழி உண்டு. எழுந்து நின்று, ‘என் ஓட்டை நீக்குங்கள்’ என்று கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத்தர்கள் சீட்டை எழுதி மேலே கொண்டுபோக இரண்டு நிமிடம்.

“மாமா! கலக்கிட்டீங்க மாமா!” கொறடா வந்து தோளைக் குலுக்கினான். “தலை எண்ணறப்ப உங்களைக் காணோம்னு உசுரே போயிடுச்சு. எங்க இருந்தீங்க?”

“டேய், நான் வந்திருக்கக் கூடாதுடா. வார்த்தை குடுத்திருந்தேன்.”

“யாருக்கு?”

கார்டு எதிர் வரிசையில் காலியாக இருந்த இருக்கையைப் பார்த்தார். அவனும் பார்த்தான். புரிந்துகொண்டான்.

“மாமா, உக்காருங்க. உங்க ஊருக்கு டாக்டர் வேணுமா வேணாமா? வேணும்னா உக்காருங்க.”

7

நான் எழுதின முடிவு இது:

கார்டு எழுந்தார். சபை அதிர்ந்தது. “என் ஓட்டை நீக்குங்கள்” என்ற குரல் கணீரென்று —

பொய். பச்சைப் பொய். மூணு தடவை எழுதினேன், மூணு தடவையும் அந்த மனுஷன் என் பேச்சைக் கேக்கல. பாதி எழுந்தார். டாக்டர் இல்லாத அந்த ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கற ஜனங்க ஒரு பக்கம், வாத்தியார் இல்லாத பிள்ளைங்க ஒரு பக்கம். நடுவுல அவர் குடுத்த வார்த்தை. அப்படியே நின்னவர், அப்படியே உக்காந்துட்டார். ரெண்டு கையாலயும் முகத்தை மூடிக்கிட்டார். நான் நேரலைல பார்த்தது அந்த இடம்தான். அதை மாத்த எனக்கு என்ன அதிகாரம் இருக்கு?

அறுபதுக்கு ஐம்பத்தொன்பது. பிரதமர் எழுந்து வணங்கிவிட்டு வெளியே போனார். நாலு வருட அரசாங்கம் ஒரு சீட்டு வாசிக்கிற நேரத்தில் முடிந்தது.

8

சாயங்காலம். ஆஸ்பத்திரி அறை. டீச்சரின் வீட்டுக்காரர் எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றார். விஷயத்தை அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அதைக் கார்டுதான் சொல்ல வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

டீச்சருக்கு மயக்கம் முழுசாகத் தெளியவில்லை. உதடு வறண்டிருந்தது. கார்டு பஞ்சைத் தண்ணீரில் நனைத்து ஒற்றிவிட்டார்.

“போச்சா?”

“போச்சு டீச்சர். நான்தான். நல்ல செய்தி வந்துச்சு, மணி அடிச்சுது, ஓடிட்டேன். தெரியாம ஓடிட்டேன். ஆனா, எழுந்து சொல்ல ரெண்டு நிமிஷம் இருந்துச்சு. அப்பத் தெரிஞ்சுதான் உக்காந்துட்டேன்.”

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். டிரிப்ஸ் சொட்டுச் சொட்டாக இறங்குவதையே கார்டு பார்த்துக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் போல என்று எழப் போனபோது, டீச்சரின் கை அவர் சட்டை நுனியைப் பிடித்தது.

“உக்காருங்க. உங்க இடத்துல நான் இருந்திருந்தா, நானும் எழுந்திருக்க மாட்டேன்.”

அவ்வளவுதான். அதுக்கப்புறம் தூங்கிட்டாங்க. கார்டு ராத்திரி வரைக்கும் அங்கேயேதான் உக்காந்திருந்தார், அந்த ஒரு வரியைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கிட்டு. நானும்தான். அந்த வரி என் விரல்லேருந்து தானா விழுந்துச்சு, சத்தியமா யோசிச்சு எழுதல. அவங்க மனசாரச் சொன்னாங்களா, இல்ல அந்த மனுஷன் உடைஞ்சுடக் கூடாதுன்னு சொன்னாங்களான்னு எழுதின எனக்கே தெரியல. எப்பவும் முகத்துக்கு நேரா நெசத்தையே பேசற டீச்சர், அன்னிக்கு மட்டும் பொய் சொல்லியிருப்பாங்களா? நீங்க என்ன நினைக்கறீங்க?