அல்லாலின் குஸ்குஸ்

ரகியா குஸ்குஸ் ரவையை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தாள். கட்டி தட்டியிருந்தது. ஒரே ஆவியில் வேகவைத்து இறக்கியிருந்தார்கள். மூன்று தடவை ஆவி காட்டி, ஒவ்வொரு தடவையும் கையால் உதிர்த்துவிட வேண்டியது. எடுத்த கவளத்தைத் திரும்ப வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

மௌத்தான வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியக் கூடாது. அதனால் மூன்றாம் நாள் விருந்துக்குக் கொழுந்தன் ஜிலாலி அடுத்த தெருக் கடையிலிருந்து சாப்பாடு எடுத்து வந்திருந்தான். மாடிக் கூடத்தில் பெண்கள் ஐந்தைந்து பேராக ஒரு சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ரகியா வெள்ளை உடுத்தி, வெள்ளைக் காலுறை போட்டுச் சுவரோரமாக இருந்தாள். கீழே, இறந்துபோன அவள் புருஷன் அல்லாலின் சாப்பாட்டுக் கடை பூட்டிக் கிடந்தது.

“என்ன இருந்தாலும் அல்லால் கை வராது” என்றாள் எதிர்வீட்டுத் தாமு, மென்றுகொண்டே. “அந்த மனுசன் கைப்பக்குவத்தைக் கபருக்குள்ளயே கொண்டு போயிட்டாரு.”

“வெள்ளிக்கிழமையானா எங்க வீட்டு ஆம்பளை எங்க போய் நிக்குமோ” என்றாள் இன்னொருத்தி.

“நீ ஆக்கிப் போடேன்.”

“அதுக்குப் பயந்துதானே அது அல்லால் கடைக்கு ஓடுது.”

சிரித்துவிட்டு, சாவு வீடென்று நினைவு வந்து முக்காட்டை இழுத்துக்கொண்டார்கள்.

ரகியா தன் கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டாள். அல்லால் ஒரு நாளும் குஸ்குஸ் உதிர்த்ததில்லை. விடியலில் சந்தைக்குப் போவான். காய் பொறுக்குவதில் கெட்டிக்காரன். மத்தியானம் ஏப்ரனைக் கட்டி, சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு, அடுப்படித் திரைக்குப் பின்னாலிருந்து தட்டை ஏந்தி வெளியே போவான். “இந்தக் கைக்கு ஒரு முத்தம் கொடுக்கணும் அல்லால்” என்பார்கள். அவன் சிரிப்பான். பொய் என்று எதுவும் சொன்னதில்லை. அந்தச் சிரிப்பே போதுமானதாக இருந்தது.

முதல் வருஷம் அவள் திரைக்குப் பின்னால் நின்று, சமைக்கிறது யாரென்று நாளைக்குச் சொல்வான் என்று நினைத்தாள். பிறகு நினைப்பதை விட்டுவிட்டாள். இந்த மூன்று நாளாக அழுகை வரவில்லை.

பெண்கள் போனதும் ஜிலாலி படியில் இருமிவிட்டு உள்ளே வந்தான்.

“மதினி, போன் விக்கிற ஆள் ஒருத்தர் கடையைக் கேக்குறாரு. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு பாக்க வர்றாரு.”

சஹன்களை அடுக்கிக்கொண்டிருந்த மகள் ஹனான் நிமிர்ந்தாள். “கடை நல்லாத்தானே ஓடுது சாச்சா?”

“ஓட்டுனவரு போயிட்டாருல்ல. இனி யாரு சமைக்கிறது?”

“எப்பவும் சமைக்கிறவங்கதான். உம்மா.”

ஜிலாலி குரலைத் தாழ்த்தினான். “எனக்குத் தெரியாதாம்மா? அது வீட்டுக்குள்ள இருக்குற விஷயம். ஊருக்குத் தெரிஞ்சது அண்ணன் கைதான். இப்பப் போய்ச் சொன்னா செத்தவரைப் பொய்யன்னு சொன்ன மாதிரி ஆயிடும்.” ரகியாவின் பக்கம் திரும்பினான். “அதோட உங்களுக்கு இத்தா. நாலு மாசம் பத்து நாள் வாசப்படி தாண்டக் கூடாது. அதுவரைக்கும் எந்த வாடிக்கை காத்திருக்கும்?”

ஆணியில் தொங்கிய கடைச் சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போனான்.

ரகியா வெற்று ஆணியைப் பார்த்தாள். அப்படியானால் அவனுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஒவ்வொரு பெருநாளுக்கும் வந்து, விரலை நக்கி, அண்ணன் தோளைத் தட்டியிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை காலை அவள் வீட்டின் பின்கட்டுக்குப் போனாள். அங்கிருந்து குறுகலான படி ஒன்று நேரே கடை அடுப்படிக்குள் இறங்கும். கல்யாணமான இரண்டாம் வருஷம் அல்லால் சுவரை இடித்துக் கட்டியது. பெண்பிள்ளை தெரு வழியாகக் கடைக்கு வரவேண்டாம் என்றான் அப்போது.

“உம்மா, இத்தா…” என்றாள் ஹனான்.

“இது வாசப்படியா? வீட்டுப் படி.”

ஹனானைச் சந்தைக்கு அனுப்பி, வந்ததும் காயை வாங்கிக்கொண்டாள். பூசணியின் மேல் கத்தி இறங்கிய வேகத்தில் ஹனான் இரண்டடி தள்ளி நின்றாள்.

“உம்மா. அது பூசணி.”

“தெரியும்.”

“அது வாப்பா இல்லைன்னு சொன்னேன்.”

ரகியா நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த துண்டை வெட்டினாள்.

தொழுகை முடிகிற நேரத்துக்கு ஹனான் ஷட்டரின் தாழைச் சாவி இல்லாமலே உள்ளிருந்து தள்ளித் தூக்கினாள். வாசனை தெருவுக்குப் போயிற்று. முதலில் வந்தவர்கள் வாசலிலேயே தயங்கினார்கள். ஒரு பஸ் டிரைவர் உள்ளே வந்து உட்கார்ந்ததும் மற்றவர்களும் வந்தார்கள். போன் கடைக்காரரை அழைத்துக்கொண்டு ஜிலாலி வந்தபோது ஆறு மேசையும் நிறைந்திருந்தது.

“நகந்துக்கிறேன், உக்காருங்க” என்றார் டிரைவர். போன் கடைக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

ஜிலாலி திரையை விலக்கினான். “மதினி, என்ன காரியம் இது? மண்ணு காயல இன்னும்.”

“நான் வாசப்படி தாண்டல. இந்தப் படியை உங்க அண்ணன்தான் கட்டுனாரு. என்னை யாரும் பாக்கக் கூடாதுன்னு கட்டுனாரு. யாரும் பாக்கல.” அவள் ஆவிச்சட்டியை இறக்கினாள். “கையைக் கழுவிட்டு இந்த மோரை மூணாவது மேசைக்குக் கொண்டு போ.”

அவன் வாயைத் திறந்தான். அவள் கையில் கொதிக்கிற சட்டி இருந்தது. மோரை எடுத்துக்கொண்டு போனான். வெளியே போன் கடைக்காரரின் குரல் கேட்டது: “இதை மூடிட்டு நான் போன் வித்தா இந்தத் தெருக்காரங்க என்னை உசுரோட விடுவாங்களா ஜிலாலி? இன்னொரு தட்டு சொல்லுங்க.”

சற்று நேரத்தில் ஹனான் திரைக்குள் வந்தாள்.

“உம்மா, அந்த ஸ்கூல் வாத்தியார், இன்னைக்கு யார் சமைச்சதுன்னு கேட்டாரு. நீங்கன்னு சொன்னேன்.”

“அதுக்கு?”

“உப்பு கொஞ்சம் தூக்கல்னு அவங்ககிட்ட சொல்லும்மான்னாரு.”

ரகியா விருட்டென்று கரண்டியை எடுத்தாள். குழம்பை அள்ளி ஊதினாள். இருபத்தாறு வருஷமாக உப்பு பார்த்தது அல்லால்தான். அதே வேகத்தில் கரண்டியை, அவன் வழக்கமாக நிற்கும் வலப்பக்கம் நீட்டினாள்.

கரண்டியிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. ஹனான் தரையைப் பார்த்தாள்.

ரகியா கரண்டியைத் தன் வாய்க்குக் கொண்டுவந்து உறிஞ்சினாள். உப்பு தூக்கல்தான். இரண்டு குவளை வெந்நீரைச் சட்டியில் ஊற்றி, கிளறி, தீயைக் குறைத்தாள்.