முதல் வண்டி வரும் வேகம்

ஆடிப்பெருக்கு அன்று எங்கள் காலண்டர் கம்பெனியில் கட்டுகள் ஏற்றிய முதல் தள்ளுவண்டியை யாரும் கையால் தொடக்கூடாது. அச்சு ஹாலில் சந்தனம் குங்குமம் வைத்து, சரிவின் உச்சியில் விட்டால் அது தானாக உருண்டு கீழே அட்டையில் பின் அடிக்கும் ஹாலுக்கு வந்து சேர வேண்டும். நடுவில் யாராவது பிடித்து நிறுத்தினால் அந்த வருடச் சீசனும் நின்றுவிடுமாம். கீழே ஆரத்தித் தட்டோடு நின்று வரவேற்பது பதினோரு வருடமாக மாடத்தி. மாடத்தி என் அம்மா. அதனால்தான் எனக்கு இந்தத் தலைவலி.

பழைய சரிவு முழங்கால் உயரம்தான், வண்டி ஆடி அசைந்து வரும். போன மழையில் தண்ணீர் புகுந்து பேப்பர் நனைந்ததும் அச்சு ஹாலை உயர்த்திக் கட்டினார்கள். இப்போது சரிவின் உயரம் ஒன்றேகால் மீட்டர், நீளம் பத்து மீட்டர். மற்ற நாட்களில் லோடு இறக்கும் பாலகுரு பின்னால் கயிறு பிடித்துத்தான் இறக்குவான். முதல் வண்டிக்கு அந்தக் கயிறும் கிடையாது. இங்கே மிஷின் பராமரிப்பு என் பொறுப்பு. ஒரு வாரமாக மேனேஜர் அய்யாதுரையிடம் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

கடைசியில் அவர் பெரிய மனது பண்ணினார். லோடைப் பாதியாகக் குறைத்துவிடலாம், பாதி லோடு பாதி வேகத்தில்தானே வரும் என்றார்.

நான் கழிவுப் பேப்பர் வாங்க வருகிறவரின் கொக்கித் தராசை இரவல் வாங்கினேன். வண்டியும் லோடும் சேர்ந்து இருநூறு கிலோ. சமதரையில் தராசை மாட்டிச் சீராக இழுத்தால் ஐந்து கிலோ காட்டியது. அதாவது உராய்வு ஐம்பது நியூட்டன். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். ஒன்றேகால் மீட்டர் இறங்கும்போது புவியீர்ப்பு செய்கிற வேலை இரண்டாயிரத்து ஐந்நூறு ஜூல். பத்து மீட்டரில் உராய்வு தின்பது ஐந்நூறு. மிச்சம் இரண்டாயிரமும் வண்டியின் இயக்க ஆற்றலாகிறது. நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அந்த இரண்டாயிரம் வர வேண்டும். வேகத்தின் வர்க்கம் இருபது. நொடிக்கு நாலரை மீட்டர், சைக்கிளை அழுத்தி மிதிக்கிற வேகம்.

வண்டியோடு சேர்த்து நூறு கிலோ வரும்படி லோடைக் குறைத்தும் இழுத்துப் பார்த்தேன். உராய்வும் பாதி, புவியீர்ப்பு செய்யும் வேலையும் பாதி, நிறையும் பாதி. வேகம் மட்டும் அதே நாலரை. தாளை மேனேஜர் மேஜையில் வைத்தேன். அவர் இரண்டு முறை படித்தார், முகம் மலர்ந்தது.

"அப்ப ரெண்டும் ஒரே வேகந்தானா? பெறகு எதுக்கும்மா கொறைக்கணும்? முழு லோடையே ஏத்தச் சொல்லுதேன்."

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அம்மாவிடம் போனேன். இந்த வருடம் வேறு யாராவது தட்டு பிடிக்கட்டும் என்று கெஞ்சினேன். அவள் அட்டையில் பின் அடிப்பதை நிறுத்தாமலேயே சொன்னாள். "எட்டு வருசம் வெம்பக்கோட்டையில பட்டாசு மருந்து ரூம்ல இருந்தவ நான். தள்ளுவண்டிக்கா பயப்படப் போறேன்?" பட்டாசுக் கம்பெனியில் உயிரோடு இருந்துவிட்ட ஒரே காரணத்துக்காக, உலகத்தில் வேறு எதுவும் தன்னைத் தொடாது என்று நினைக்கிற இந்தக் கூட்டத்தை என்ன செய்வது? எனக்கு இருப்பது ஒரே அம்மா. அந்தக் கோபத்தில் அழுகையும் இருந்தது.

வண்டியைக் கையால்தானே தொடக்கூடாது? இரண்டு மணல் மூட்டைகளைப் பின்னால் கட்டித் தரையில் இழுபட விட முடிவு செய்தேன். மூட்டைகள் இரண்டும் சேர்ந்து ஐம்பது கிலோ, சரிவில் இழுக்க உராய்வு மட்டும் இருநூற்று ஐம்பது நியூட்டன். மூட்டையும் சேர்ந்து இறங்குவதால் புவியீர்ப்பின் வேலை மூவாயிரத்து நூற்று இருபத்தைந்து ஜூல். எல்லா உராய்வும் சேர்ந்து தின்பது மூவாயிரம். மிச்சம் நூற்று இருபத்தைந்து. வேகம் நொடிக்கு ஒரு மீட்டர். மங்கள வண்டிக்குப் பின்னால் மணல் மூட்டையா என்று மேனேஜர் முகம் சுளித்தார். மூட்டைகளுக்கு மஞ்சள் பூசி வேப்பிலை செருகினேன். அதற்குப் பிறகு அவரே குங்குமம் எடுத்துக் கொடுத்தார்.

ஆடிப்பெருக்கன்று வண்டி நடந்து வருகிற ஆளைப்போல வந்தது. அடியில் வந்ததும் மூட்டைகள் இழுத்துப் பிடிக்க, அம்மாவுக்கு இரண்டடி முன்னால் நின்றது. அம்மா நிதானமாக ஆரத்தி சுற்றினாள்.

"பாத்தியாடி? இதுக்கா ஒரு வாரமா உசிர வாங்குன?"

மேனேஜர் அதற்கும் மேலே போனார். இவ்வளவு மெதுவாக வருகிற வண்டிக்கு மூட்டை எதற்கு, கயிறு எதற்கு, பாலகுருவை வேறு வேலைக்கு அனுப்பலாம் என்றார். அங்கேயே மூட்டைகளை அவிழ்க்கச் சொன்னார். வண்டி மேலே போய் இரண்டாவது லோடு ஏறியது.

கீழே இருந்த எல்லாரையும் சுவர் ஓரம் ஒதுக்கினேன். அம்மாவின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தேன். அவள் தினமும் உட்கார்ந்து பின் அடிக்கும் மர ஸ்டூலை, அவள் நின்ற அதே இடத்தில் வைத்தேன். பிறகு மேனேஜரைப் பார்த்து, விடச் சொல்லுங்க அண்ணாச்சி என்றேன்.

பாலகுரு கையை எடுத்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் மனசுக்குள் எண்ணி, நாலு தாண்டியபோது ஸ்டூல் உடைந்தது. ஒரு கால் சுவரில் அடித்துத் தெறித்தது. காலண்டர் கட்டுகள் ஹால் முழுக்கச் சிதறின. அதன் பிறகுதான் வண்டி நின்றது.

அம்மாவின் கையில் ஆரத்தித் தட்டு சரிந்து, குங்குமத் தண்ணீர் அவள் காலில் சிந்தியது. அவள் ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டைக் கீழே வைத்தாள்.

"ஏலே பாலகுரு, அந்த மூட்டைய எடுத்துக் கட்டு."