கூட நடிக்க ஓர் ஆள்

1

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எவருடைய சிபாரிசும் இல்லாமல் மேலே வந்த முதலாவது மனிதன் சுபாங்கன். இரண்டாவது ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

இந்த வசனத்தை எழுதியதும் சுபாங்கன்தான் என்பதால் இதன் உண்மை குறித்து வாசகர்கள் ஐயப்படத் தேவையில்லை. அவன் இணுவில்காரன். நாடகமும் அரங்கியலும் படிக்கிற இறுதியாண்டு மாணவன். போன செவ்வாய்க்கிழமை கொழும்பிலிருந்து வந்த ஒரு நாடகக் குழு அவனைச் சம்பளத்துக்கு எடுத்திருக்கிறது. 'சம்பளத்துக்கு' என்ற சொல்லை இன்னொரு தடவை வாசிக்கவும். இங்கே நடிகனுக்கு வழமையாகக் கிடைப்பது ஒரு பொன்னாடையும் அதைப் போர்த்தியவரின் நீண்ட பேச்சும்.

குழுவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் விளம்பரம், சொல்லாவிட்டால் கிசுகிசு. கிசுகிசுவைத்தான் ஆட்கள் கடைசிவரை வாசிக்கிறார்கள்.

கதை எதற்காகப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது மரியாதை. இது பெருமையடிக்கப் பிறந்தது. தொடக்கத்தில் தலைப்பு 'சொந்தக் காலில்'. கதாநாயகன் ஒருவன், தடைகள் நான்கு, வெற்றி ஒன்று என்பது திட்டம். முதல் பந்தியைக் கன்ரீனில் வைத்து றொசாந்திக்கு வாசித்துக் காட்டினான். [றொசாந்தி: வகுப்புத் தோழி, குருநகர். இப்போதைக்கு இது போதும்.]

"நல்லாயிருக்கு," என்றாள் அவள், றோல்ஸைக் கடித்தபடி. "தடையள் எங்கை?"

"யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

"உனக்கு வந்த ஒரே தடை, செவ்வாய்க்கிழமை விடிய உன்ரை மோட்டச்சைக்கிள் ஸ்ராட் வராததுதான். பேந்து நான்தானே இணுவிலுக்கு வந்து ஏத்தினனான்."

"அதைப் போடமாட்டன்."

2

ஒரு வில்லன் வேண்டும். கைக்கு எட்டியவர் தக்சாயினி மிஸ்.

மிஸ் அவர்களுடைய விரிவுரையாளர். காலையில் பிள்ளைகளின் குரலையும் உடம்பையும் பழக்குவார். மத்தியானத்துக்குப் பிறகு அவருக்கு இன்னொரு வேலை. நடிக்கப் படித்த பிள்ளை நடித்தே சீவிக்க வேண்டும் என்று அவர் நம்புகிறார். (மற்ற எல்லாரும் ஆசிரியர் நியமனம் வரும் என்று நம்புகிறார்கள்.) ஆகவே நாடகம் போடுகிற எவர் கொழும்பில் இருந்தாலும் மட்டக்களப்பில் இருந்தாலும் அவருக்கு மிஸ்ஸிடமிருந்து அழைப்புப் போகும். மண்டபத்தின் பின்படியில் நின்று, தலையைச் சரித்து, வீட்டுக்குத் தெரியாமல் காதலிக்கிற பெண்ணைப் போலக் குரலைத் தணித்துச் சொல்வார்:

"எங்கடை பிள்ளை ஒண்டு இருக்குது. ஒருக்கால் பாருங்கோ. பிடிக்காட்டி விடுங்கோ."

எந்தப் பிள்ளைக்கும் இதே வசனங்கள்தான். சுபாங்கனுக்கு இதைக் கேட்டாலே உடம்பு கூசும். கலை கல்யாணத் தரகு அல்ல என்பது அவன் கொள்கை. (கொள்கை என்ற சொல் இந்தக் கதையில் இனி வராது.) கலைவிழாவில் அவன் மிஸ்ஸாக வேடம் கட்டினான். செருப்பைக் கழற்றிக் காதில் வைத்து யமலோகத்துக்குப் போன் எடுத்தான். "சித்திரகுப்தன் அண்ணையோ? எங்கடை பிள்ளை ஒண்டு வருகுது. வயது தொண்ணூற்றிரண்டு. ஒருக்கால் பாருங்கோ."

மண்டபம் உருண்டது. முன்வரிசையில் இருந்த மிஸ்ஸும் சிரித்தார். முடிந்தபின் அவனைப் பின்படிக்குக் கூப்பிட்டார். அவன் மன்னிப்புக் கேட்க ஆயத்தமாகப் போனான்.

"கை பிழை," என்றார் மிஸ். "செருப்பாலை அரைவாசி முகத்தை மறைச்சுப்போட்டீர். கண் தெரியேல்லை. கொஞ்சம் பின்னுக்குப் பிடியும். பாரும், இப்பிடி."

வில்லியாக ஒத்துழைக்க மறுக்கும் ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்கு எந்தப் பாடத்திலும் சொல்லித்தரவில்லை.

3

இங்கே றொசாந்தியை ஒழுங்காக அறிமுகம் செய்ய வேண்டும். இரண்டு முயற்சிகள்:

கடல் அன்று அசையாமல் கிடந்தது. வலையின் கண்களூடே அந்தச் சிறுமி உலகத்தைப்—

அலைகளின் தாலாட்டில் வளர்ந்த றொசாந்தி, தன் தந்தை நீக்கிலாப்பிள்ளையின் வள்ளத்தை நோக்கி—

"கடலை எடு," என்றாள் அவள், வாசித்துவிட்டு. "அப்பா வள்ளத்திலை நிக்கிறதைவிட வட்ஸப்பிலை நிக்கிறதுதான் கூட. என்னை எங்கையாவது அழவைச்சியெண்டா நான் எழும்பிப் போயிடுவன்."

"அப்ப உன்னை என்னெண்டு எழுதுறது?"

"கூட நடிக்க ஓர் ஆள் எண்டு எழுதன். அதுதானே நான்."

அப்படியே எழுதுகிறான். செவ்வாய்க்கிழமைத் தெரிவுக்கு நின்றவர்கள் எட்டுப் பேர். ஒவ்வொருவரும் ஒரு சிறு காட்சி செய்ய வேண்டும். கூட நடிக்க வகுப்பில் எவரையும் சேர்த்துக்கொள்ளலாம். மற்ற ஏழு பேரும் சேர்த்துக்கொண்டது றொசாந்தியை. ஏனென்று அவர்களைக் கேட்டால் சொல்லமாட்டார்கள், ஆனால் வகுப்பு முழுக்கத் தெரிந்த விசயம்: அவளோடு மேடையில் நின்றால் வசனம் மறக்காது. மறந்தாலும் அவள் முகத்தில் எழுதியிருக்கும்.

ஆகவே அன்று அவள் மீன் வெட்டுகிற தாய். (அது சுபாங்கனின் காட்சி. மகன் கொழும்பில் பெரிய வேலை கிடைத்துவிட்டதாகத் தாய்க்குப் பொய் சொல்வான்.) பிறகு ஒரு மனைவி, ஒரு பொலிஸ்காரி, வட்டிக்குக் கொடுக்கிற ஒரு மனுசி, ஒரு குறிசொல்லி, மொழி தெரியாத ஒரு வெள்ளைக்காரி. பிரகாஸின் காட்சியில் பிரேதம். அந்தக் காட்சி முடிந்ததும் பிரகாஸ் கை உயர்த்தினான். "பிரேதம் சரியாத்தான் கிடந்தது, நான்தான் பிழைச்சுப்போனன். இன்னொருக்கால் செய்யட்டோ?" பிரேதம் எழும்பித் தூசி தட்டி, மறுபடி படுத்தது.

எட்டாவது ஆள் அவள். அவளுடைய சொந்தக் காட்சி இன்னும் மிச்சம்.

குழுவின் நெறியாளர் அருளம்பலம், கொடிகாமத்தில் பிறந்து கொழும்பில் நரைத்தவர். சேர் என்று கூப்பிட்டால் திரும்பமாட்டார். அண்ணை என்றால்தான் திரும்புவார். அவருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. எழும்பி, பையைத் தோளில் போட்டு, பொதுவாகக் கேட்டார்: "எல்லாரையும் பாத்தாச்சுத்தானே?"

மண்டபம் பேசாமல் நின்றது. மிஸ் வெளியே ஓட்டோ பிடிக்கப் போயிருந்தார். ஒரு கேள்வி விழுந்து பதில் வராமல் நின்றால், விடுபட்ட வசனத்தை எடுத்துக் கொடுப்பது றொசாந்தியின் பழக்கம். காலையிலிருந்து அதைத்தானே செய்துகொண்டிருந்தாள்.

"ஓம் அண்ணை," என்றாள் றொசாந்தி.

4

அடுத்த நாள் அருளம்பலம் அண்ணை சுபாங்கனுக்குப் போன் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறச் சொன்னார். நான்கு மாதம் ஊர் ஊராகப் போகிற நாடகம். அவனுக்கு பஸ் கொண்டக்டர் வேடம். "பொம்பிளைப்பிள்ளை ஒராளும் தேவைதான்," என்றார், "உங்கை ஒருத்தரும் மனசிலை நிக்கேல்லை. இஞ்சை பாத்து எடுப்பம்."

ஆக, ஓர் இடம் ஞாயிறு வரைக்கும் வெறுமையாக இருக்கிறது. அதற்கு நேர் எதிரே இன்னோர் இடம் இருக்கிறது: றொசாந்தியின் மாமி யாழ்ப்பாண ரவுனில் புடைவைக்கடை வைத்திருக்கிறா. தாய் ஸ்ரெல்லா நியாயமான மனுசி. நாடகக்காரர் கூப்பிட்டால் போ, கூப்பிடாவிட்டால் திங்கட்கிழமை கடைக்குப் போ என்று சொல்லியிருக்கிறா. இதைவிட நியாயமாகச் சொல்ல ஒரு தாயால் முடியாது என்பதுதான் கரைச்சல். எதிர்த்துக் கத்தவும் வழியில்லை.

"சீலை விரிச்சுக் காட்டுறதும் நடிப்புத்தான்," என்றாள் றொசாந்தி, கன்ரீனில். "'அக்காவுக்கு இந்தக் கலர் எடுப்பாயிருக்கும்' எண்டு முகத்தை வைச்சுக்கொண்டு சொல்லோணும்."

"அருளம்பலம் அண்ணைக்கு ஒராள் வேணுமாம்."

"ஓ." அவள் றோல்ஸைக் கீழே வைத்தாள். "நீ சொல்லப்போறியோ?"

சுபாங்கன் பிளேன்ரீயைப் பார்த்தான்.

"பகிடிக்குக் கேட்டனான்," என்றாள். "சிபாரிசு எண்டா உனக்குச் சத்தி வருமெல்லோ. ரீயைக் குடி, ஆறுது."

இந்த இடத்தில் அவள் கண்கள் கலங்கின என்று எழுதலாம். எழுதினால் எழும்பிப் போய்விடுவதாகச் சொல்லியிருக்கிறாள். தவிர, கலங்கவும் இல்லை. அவள் சிரித்தாள், அதைப் பார்க்க அவனுக்குத்தான் ஒருமாதிரி இருந்தது.

5

அவன் மிஸ்ஸிடம் போனான். இதற்கென்று ஒருவர் இருக்கும்போது ஏன் மற்றவர்கள் கஷ்டப்பட வேண்டும்?

"நான் அருளம்பலத்துக்குப் போன் எடுத்தனான்," என்றார் மிஸ். "'மிஸ், உங்கடை பிள்ளையள் எல்லாரும் கெட்டிக்காரர்தானே' எண்டு சிரிக்கிறார். எட்டுப் பேருக்கும் அதே வசனத்தைச் சொன்னா அப்பிடித்தான். என்ரை வாய் தேய்ஞ்சு போச்சுது, சுபாங்கன். கூட நடிச்ச ஆள் சொன்னாக் கேப்பார்."

"அப்பிடியான வேலை நான் செய்யிறேல்லை, மிஸ்."

"தெரியும். கலைவிழாவிலை பாத்தனான்தானே. நல்லாச் செய்தனீர்."

6

முடிவுகள். விரும்பியதை எடுக்கலாம் என்று வைத்திருந்தான்.

(அ) சுபாங்கன் தன் இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுக்கிறான். பின்னணியில் வயலின். இது நடக்காது. அவன் அவ்வளவு நல்லவன் இல்லை. மேலும் அந்தக் கொண்டக்டருக்கு மீசை உண்டு.

(ஆ) ரயில் வவுனியாவைத் தாண்டும்போது அருளம்பலம் அண்ணை திடுக்கிட்டு எழும்பி, 'அடடா, அந்தப் பிள்ளை' என்று— இல்லை. ரயிலில் ஏறினால் அவர் நித்திரை.

(இ) பத்து வருடம் கழித்துப் புகழ்பெற்ற நடிகர் சுபாங்கன் ரவுனில் ஒரு புடைவைக்கடைக்குள் நுழைகிறார். அங்கே சீலை விரித்துக் காட்டுகிற பெண், 'அண்ணைக்கு—

மூன்றாவதை எழுதும்போது அவனே மூக்கைச் சிந்தினான். நகைச்சுவை எழுத்தாளனுக்கு இது அவமானம் என்பதால் நிறுத்திவிட்டு, மனதைத் தேற்றிக்கொள்ளத் தன் காட்சியின் வீடியோவைப் போட்டுப் பார்த்தான். செவ்வாய்க்கிழமை பிரகாஸ் போனில் எடுத்தது. அதில் அருளம்பலம் அண்ணை வாய்விட்டுச் சிரிக்கிற ஓர் இடம் இருக்கிறது. "மாசம் ஒண்டரை லட்சம், அம்மா" என்று மகன் பொய் சொல்கிற இடம். அந்தச் சிரிப்புக்காகத்தான் தன்னை எடுத்தார்கள் என்று சுபாங்கன் இணுவில் முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

சிரிப்பு அந்த வசனத்துக்கு வரவில்லை. வசனம் முடிகிறது, மண்டபம் பேசாமல் இருக்கிறது. தாய், இல்லாத கத்தியால் இல்லாத மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். கத்தி நிற்கிறது. தலை நிமிரவில்லை. பிறகு கத்தி மறுபடி ஓடுகிறது, முன்னைவிடக் கெதியாக. அங்கேதான் மண்டபம் வெடிக்கிறது. படம் பிடித்தவனின் கைகூட ஆடுகிறது. வீடியோவில் சுபாங்கன் தன் வசனத்துக்குக் கிடைத்த சிரிப்பென்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறான்.

அவன் வீடியோவை நிறுத்திவிட்டு இந்தக் கதையை மேலிருந்து வாசித்தான். நீங்கள் எங்கேயாவது சிரித்திருந்தால், அதற்குச் சற்று முன்னால் யார் வாய் திறந்திருக்கிறார் என்று பாருங்கள். மோட்டச்சைக்கிளைச் சொன்னது அவள். கடலை எடுக்கச் சொன்னது அவள். இங்கேயும் அவள் கூட நடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நீங்களும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

[என்னை என்று வந்துவிட்டது. 'அவன்' என்று திருத்த வேண்டும். திருத்தவில்லை.]

7

சனிக்கிழமை பின்னேரம். மண்டபத்தில் ஒருவரும் இல்லை. இருந்தாலும் அருளம்பலம் அண்ணைக்குப் போன் எடுக்கப் பின்படிக்குப் போனேன். ஏன் அங்கே போகவேண்டும் என்று எனக்குத் தெரியாது. கதைக்கத் தொடங்கினதும் குரல் தானாகவே தணிந்தது.

"அண்ணை, நான் சுபாங்கன்."

"பஸ் புக் பண்ணிட்டியோ?"

"ஓம் அண்ணை. அதில்லை… எங்கடை பிள்ளை ஒருத்தி இருக்கிறா."

"ஆர்?"

"செவ்வாய்க்கிழமை மீன் வெட்டினவா."

"அந்த அம்மாவோ? அவ நல்லாச் செய்தவா. ஆனா எனக்கு இளம் ஆள் வேணும்."

"இளம் ஆள்தான் அண்ணை. பொலிஸ்காரியாயும் அவதான் வந்தவா. வெள்ளைக்காரியும் அவதான். பிரகாஸுக்குப் பிரேதமாய்க் கிடந்ததும்."

மறுபக்கத்தில் ஒரு பஸ் கோன் அடித்துக்கொண்டு போனது.

"பொறு," என்றார் அருளம்பலம் அண்ணை. "அது எல்லாம் ஒராளோ?"

"ஓம் அண்ணை."

அவர் பிறகு என்ன சொன்னார் என்பதை நான் எழுதப்போவதில்லை. அவர் இருந்த கதிரையில் இவ்வளவு நேரமும் நீங்களும் இருந்திருக்கிறீர்கள். பதிலை நீங்களே சொல்லலாம். பேர் றொசாந்தி. திங்கட்கிழமை கடை திறக்கும்வரை ஆள் குருநகரில்தான்.

ஒருக்கால் பாருங்கோ. பிடிக்காட்டி விடுங்கோ.