சுவரைப் பார்த்து நின்றவள்

"இந்தா, இந்த இடத்துல ஒரு பெருக்கல் குறி போடு. அவ்வளவுதான் வேலை" என்று வீட்டு நிர்வாகி திருமதி கெம்பிள் பேனாவை நீட்டினாள்.

டாம்சின் கையை ஏப்ரனில் துடைத்தாள். கரி போகவில்லை. மறுபடியும் துடைத்தாள். மேசைக்கு அப்பால் பிரபுவுக்காக லண்டனிலிருந்து வந்த வக்கீல் ஸ்லேட் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல என்னங்க எழுதியிருக்கு?"

"செப்டம்பர் மாசம் ஒரு நாள் விடிகாலையில, சீமாட்டியோட படுக்கை அறையிலிருந்து, விருந்தாளியா வந்திருந்த கேப்டன் மெரிடித் வெளிய வந்ததை நீ பாத்தேன்னு எழுதியிருக்கு."

"நான் பாக்கலயே அம்மா."

"மத்த நாலு பேரும் பாத்திருக்காங்க. தினமும் அந்த அறையில கணப்பு மூட்டுறவ நீ. உன் கண்ணு மட்டும் எங்கடி போச்சு?" திருமதி கெம்பிள் குரலைத் தாழ்த்தினாள். "பதினோரு வருஷம் இங்க இருந்திருக்க. நடத்தைச் சான்று இல்லாம வெளிய போனா ஒருத்தி வீட்டு வாசப்படியக்கூடத் தேய்க்க முடியாது. அப்புறம் எங்க போய் நிப்பேன்னு உனக்கே தெரியும்."

டாம்சினுக்குத் தெரியும். சமையலறையில் இருந்த பெக் சான்று இல்லாமல் போனாள். அடுத்த டிசம்பர் குளிரில் அவளைத் துறைமுகத் தெருவில் பார்த்ததாகப் பால்காரன் சொன்னான். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

"பிரபு பிரைட்டன்ல ஒரு பொம்பளைய வச்சிருக்காரே, அதுக்கு ஒண்ணும் இல்லையாம்மா?"

வக்கீல் முதல் முறையாக வாயைத் திறந்தார். "அது போதாது பொண்ணே. புருஷன் விவாகரத்து வாங்கி விலகணும்னா பொண்டாட்டி தப்பு ஒண்ணே போதும். பொண்டாட்டி விலகணும்னா அவன் தப்பு பண்ணதோட கொடுமையும் செஞ்சிருக்கணும். சட்டம் அப்படி. அந்தக் கொடுமைக்கு யாரு சாட்சி?"

டாம்சின் பேனாவை வாங்கினாள். குறியைப் போட்டாள். காகிதத்தின் ஓரத்தில் கரிவிரல் ஒன்றும் பதிந்தது.

ஆஷ்கோம்ப் மாளிகையில் ஒரு விதி இருந்தது. தாழ்வாரத்தில் வேலை செய்யும் பெண்கள் குடும்பத்தாரோ விருந்தாளியோ வரும் காலடி கேட்டால், கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். ஆண் வேலையாட்களுக்கும் அதே விதிதான். எஜமானர்களின் கண்ணில் வேலைக்கார முகம் படக்கூடாது. பதினைந்து வயதில் வந்த டாம்சினுக்கு அந்த வீட்டு மனிதர்களின் முகங்களைவிடச் சுவரில் ஒட்டிய காகிதத்துப் பூக்கள்தான் நன்றாகத் தெரியும். மனிதர்களைக் காலடியில் தெரிந்துகொண்டாள். எஜமானர் ஆல்வர்ஸ்டன் பிரபுவின் இடது பூட்ஸ் கிரீச்சிடும். அது கேட்டால் முதுகெலும்பு தானாகத் திரும்பும்.

பிப்ரவரியில் வழக்கு வந்தது; சீமாட்டியும் விவாகரத்து கேட்டு எதிர்மனு போட்டிருந்தாள். நீதிமன்றத்தில் நிற்க இடமில்லை. பெரிய குடும்பத்துப் பெண்கள் வலைத்துணிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். இப்படிப்பட்ட வழக்கில் கணவனும் மனைவியும் வாய் திறக்கச் சட்டம் அன்று இடம் தரவில்லை. ஹொனோரியா சீமாட்டி கறுப்பு உடையில், கோணிப்போன சுண்டுவிரலை மடியில் மறைத்து உட்கார்ந்திருந்தாள். பெட்டி மூடியில் நசுங்கிய விரல் என்று ஊருக்குச் சொல்லப்பட்டிருந்தது.

நான்கு வேலையாட்கள் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தேன், பார்த்தேன் என்றார்கள். ஒரே வாக்கியம், ஒரே மூச்சு. ஐந்தாவதாக டாம்சின் கூண்டில் ஏறினாள். கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு விடிகாலையில நீ என்ன பாத்த?" என்றார் ஸ்லேட்.

சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்திருந்தாள். வாயைத் திறந்தாள். அப்போது முன்வரிசையில் பிரபு எழுந்து நாற்காலியை நகர்த்தினார். இடது பூட்ஸ் கிரீச்சிட்டது.

டாம்சின் திரும்பிவிட்டாள். சாட்சிக் கூண்டில், நீதிபதிக்கு முதுகைக் காட்டி, மரப்பலகையில் மூக்கு இடிக்க நின்றாள்.

சிரிப்பு எழுந்தது. நீதிபதி மேசையைத் தட்டினார். "என்னம்மா இது? உடம்பு சரியில்லையா?"

"இல்லைங்க ஐயா..." அவள் திரும்பினாள். "பிரபு காலடி கேட்டுதுங்க. கேட்டா சுவத்தப் பாத்து நிக்கணும். அதான் விதி."

"யாருக்கு விதி?"

"எங்க எல்லாருக்கும்ங்க."

"விருந்தாளி வந்தா?"

"அப்பவும்தாங்க."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "அப்படின்னா கேப்டனை எப்படிப் பாத்தீங்க, அஞ்சு பேரும்?"

டாம்சின் திருமதி கெம்பிளைப் பார்த்தாள். அந்த உதடுகள் ஓசையில்லாமல் 'சான்று' என்றன. துறைமுகத் தெரு கண்முன் வந்தது. ஆனால் பொய் சொல்லவும் இனி வழியில்லை. அவள் முதுகே உண்மையைச் சொல்லிவிட்டிருந்தது.

"பாக்கலைங்க. நான் அங்க பாத்ததெல்லாம் சுவத்துப் பூதான்." மூச்சை இழுத்தாள். "ஆனா காத மூடச் சொல்லி விதி இல்லைங்க. அன்னைக்கு உள்ள இருந்தது பிரபு. அந்த பூட்ஸ் சத்தம்தான். சீமாட்டியம்மா 'கைய விடுங்க, கைய விடுங்க'ன்னாங்க. அப்புறம் ஒரு சத்தம். நான் தினமும் அடுப்புக்குச் சுள்ளி ஒடிக்கிறவங்க. ஒடியற சத்தம் எனக்குத் தெரியும்."

சீமாட்டி மடியிலிருந்து கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். எல்லோரும் அந்த விரலைப் பார்த்தார்கள்.

பிரபுவின் மனு தள்ளுபடியாயிற்று. பிரைட்டன் விஷயத்தோடு கொடுமையும் நிரூபணமானதால் சீமாட்டியின் எதிர்மனு ஏற்கப்பட்டுத் திருமணம் முறிந்தது. மறுநாள் பத்திரிகைகள் சீமாட்டியின் பெயரைத்தான் பெரிய எழுத்தில் போட்டன. பிரபு அந்த வாரமே ஒரு விருந்தில் வேட்டைக்கதை சொல்லிக்கொண்டிருந்தார். சீமாட்டிக்கு ஒரு வீட்டுக் கதவும் திறக்கவில்லை. தேவாலயத்தில் அவள் உட்கார்ந்த வரிசை காலியானது.

வேலை போன டாம்சினுக்குச் சீமாட்டி தன் கையாலேயே சான்று எழுதித் தந்தாள். "நேர்மையானவள், தைரியசாலி." எழுத்துக்கள் சற்றுக் கோணலாக இருந்தன.

வேலைக்கு ஆள் சேர்க்கும் அலுவலகத்தில் இருந்த பெண்மணி அதைக் கடைசி வரி வரை படித்தாள். பிறகு நுனிவிரலால் தள்ளினாள்.

"யாரு, அந்த ஆல்வர்ஸ்டன் சீமாட்டியா?"

"ஆமாங்க. வழக்குல ஜெயிச்சவங்க."

"ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன? விவாகரத்து ஆனவ கையெழுத்தை வச்சுக்கிட்டு எந்தக் கௌரவமான வீட்டுக்கு உன்னை அனுப்புவேன்? பிரபுகிட்ட ஒரு வரி வாங்கிட்டு வா. நாளைக்கே இடம் இருக்கு."

டாம்சின் காகிதத்தை மடித்தாள். வாசலில் பட்டுப்பாவாடை சரசரத்தது. வேலைக்காரி தேட யாரோ சீமாட்டி வந்துகொண்டிருந்தாள். பெஞ்சில் இருந்த பெண்கள் எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டாம்சினின் தோளும் தானாகத் திரும்பத் தொடங்கியது. பயம் எங்கும் போய்விடவில்லை, அப்படியே இருந்தது. அவள் குதிகாலைத் தரையில் அழுத்தித் தோளைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

பிறகு நிமிர்ந்து பார்த்தாள். வந்தவளுக்கு மூக்கின் மேல் ஒரு மரு இருந்தது.