கூட்டத்துக்குப் போனவள்

கத்திரிச் செடிகளுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து காவேரி சொத்தைக் காய்களைக் கிள்ளி எறிந்துகொண்டிருந்தாள். கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த தணிகாசலம் அங்கிருந்தே சொன்னார்.

"ஞாயித்துக்கெழம கோயிந்தம்மாள வரச் சொல்லு."

வாய் நிறைய நுரை. தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று காவேரி தலையைத் தூக்கிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பிறந்த வீட்டு மனுஷர் ஒருவரையும் அவர் தன் வாயால் வரச் சொன்னதில்லை. கோவிந்தம்மாவின் பெயரைக்கூட அவர் சொல்லிக் கேட்டதில்லை. 'அந்த ஓட்டல்காரி' என்பார், அவ்வளவுதான்.

"எந்த கோயிந்தம்மா?"

"ஒனக்கு எத்தினி தங்கச்சி கீறாங்க?" என்று கேட்டுவிட்டு அவர் வாயைக் கொப்பளித்தார்.

அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் தணிகாசலம். பொங்கல் கழிந்த கையோடு வடக்குப்பட்டுக்கு வெளியே, ஏரிக்கரைப் பக்கம், இரண்டு அறை வைத்து ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதுவரை காவேரி குடியிருந்தது வில்லிவாக்கத்தில் ஒரு ஒண்டுக் குடித்தனம். ஒன்பது வீட்டுக்கு ஒரு குழாய். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு மற்றவள் குடத்தைக் கண்ணால் காவல் காத்தே பாதி ஆயுசு போயிற்று. இங்கே வந்த முதல் வாரம், கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டு வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதை அவள் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் சண்டைக்கு வரவில்லை. பிறகு கொத்திப் போட்டு, எருக் கலந்து, கத்திரி, வெண்டை, கொத்தவரை என்று பாத்தி பாத்தியாகப் பிடித்தாள். வேலியோரம் பீர்க்கங்கொடி. கிணற்றடியில் கனகாம்பரம். மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் அவளுக்குக் கைநிறைய வேலையும் காதுநிறைய அமைதியுமாகப் போயின. வேப்பமரத்தடியில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு தணிகாசலம் பேப்பர் படிப்பார். வந்தவர்களிடம், "நம்ம தோட்டம்தான், எல்லாம் நான் போட்டது" என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள்.

விருந்தாளிகளுக்கும் குறைவில்லை. ஞாயிறு தோறும் அவருடைய பழைய கம்பெனி ஆட்கள் பட்டணத்திலிருந்து குடும்பத்தோடு வருவார்கள். வருவது தெரிந்தால் சனிக்கிழமையே மாவாட்டி வைத்துவிடுவாள். சாப்பாடு முடிந்ததும் பாயை விரித்துப் படுப்பார்கள். வெயில் தாழ்ந்ததும் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கோ ஏரிக்கோ கூட்டமாய்க் கிளம்புவார்கள். திரும்பும்போது ஆளுக்கொரு பை காய். "ஒங்களுக்கு இன்னாக்கா, குடுத்து வெச்சவங்க" என்பார்கள் பெண்கள். காவேரி அதை நம்பினாள்.

மே மாதம் ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத்தில் அந்தக் குண்டு வெடித்தது. ஒரு வாரம் பஸ் இல்லை, பால் இல்லை, போகிற வருகிறவனை எல்லாம் போலீஸ் நிறுத்திக் கேட்டது. குண்டு வெடித்த அன்று இரவு தணிகாசலம் சீக்கிரமே சாப்பிட்டுப் படுத்துவிட்டார். விடிந்து ரேடியோ போட்ட பிறகுதான் இருவருக்கும் சேதியே தெரியும். ஆனால் ஆனி மாதம் விருந்தாளிகள் மறுபடி வரத் தொடங்கியபோது அவர் கதையே வேறாக இருந்தது. "படுத்துகினு இருக்கேன், டமார்னு ஒரு சத்தம். சன்னல் கண்ணாடியெல்லாம் அதிருது" என்றார். அந்த வீட்டில் கண்ணாடி போட்ட சன்னலே கிடையாது. வந்தவர்கள் சன்னலைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள். வல்லக்கோட்டைக்குப் போகலாம் என்று அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

கோவிந்தம்மா உண்மையிலேயே அங்கே இருந்தவள். புருஷன் விட்டுவிட்டுப் போனபிறகு தண்டலம் பக்கம் பெங்களூர் ரோட்டில் ஒரு லாரி ஓட்டலில் மாவாட்டவும் பாத்திரம் கழுவவும் இருந்தாள். ஓட்டல் பெண்கள் எல்லாரும் கிளம்பினார்கள் என்று அவளும் கூட்டத்துக்குப் போனாள். இடது காது போயிற்று. தோளில் தையல். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது காவேரி பஸ் மாறிப் பஸ் மாறி ரசம் கொண்டுபோனாள். தணிகாசலம் வரவில்லை. "பொம்பளைக்கு அந்நேரத்துல அங்க இன்னா வேல?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது அவளை வரச் சொன்னதற்குக் காரணம் நரசிம்மன். கம்பெனியில் இவருக்கு மேலே இருந்தவர், வசதியானவர். போன ஞாயிறு சாப்பாட்டுக்கிடையில் தணிகாசலம் தற்செயலாகச் சொன்னதைக் கேட்டு, மனிதர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். "ஒங்க மச்சினிச்சியா? நேருல பாத்தவங்களா? இத்தினி நாளா சொல்லவே இல்லியே நீங்க."

கோவிந்தம்மா இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். தணிகாசலம் எழுந்து நாற்காலியைக் காட்டினார். அவள் காவேரியைப் பார்த்தாள், காவேரி கண்ணால் உட்காரச் சொன்னாள். பந்தியில் அவர் தன் வாயாலேயே, "கோயிந்தம்மாளுக்கு இன்னொரு துண்டு மீன் வையி" என்றபோது காவேரி பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தாள். தன் சனம் ஒருத்தி இந்த வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். இதற்காகக் காவேரி எத்தனை வருஷம் ஆசைப்பட்டிருப்பாள்.

சாப்பிட்டு முடித்ததும் கேட்டார்கள். கோவிந்தம்மா வலது காதைத் திருப்பி வைத்துக்கொண்டு, "வெளிச்சம் தெரிஞ்சிது. அப்பறம் ஒண்ணும் கேக்கல. கீழ கெடந்தேன்" என்றாள். அவ்வளவுதான். நரசிம்மனும் அவர் மனைவி மஞ்சுளாவும் இன்னும் வரும் என்று காத்திருந்தார்கள். தணிகாசலம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பேப்பரில் படித்ததை எல்லாம் சேர்த்து அவள் சார்பில் சொல்லி முடித்தார்.

அடுத்த ஞாயிறும் வரச் சொன்னார். அதற்கடுத்ததும். ஒவ்வொரு முறையும் புது ஆட்கள். கோவிந்தம்மாவுக்கும் மெல்ல மெல்லப் பிடிபட்டது, எந்த இடத்தில் நிறுத்தினால் பெண்கள் 'ஐயோ' என்பார்கள், எதைச் சொன்னால் ஆண்கள் உடம்பை முன்னுக்கு நகர்த்துவார்கள் என்று. பார்த்ததோடு பார்க்காததையும் சேர்த்தாள். அடுக்களையில் தாளித்துக்கொண்டே காவேரி காது கொடுத்துக் கேட்பாள். நம்ம கோவிந்தம்மாவா இப்படிப் பேசுகிறாள் என்று பெருமையாகக்கூட இருந்தது. ஒருமுறை பேசி முடித்த பிறகு கோவிந்தம்மா கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டே நின்றாள். போகாத எதையோ போக்குவதுபோல அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். காவேரி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மோர் கலக்க உள்ளே போய்விட்டாள்.

ஆடி பிறந்ததும் நரசிம்மன் வாடகை வேன் ஒன்றோடு வந்தார். "இன்னிக்கி ஸ்பாட்டுக்கே போயிடலாம். அவங்களே காட்டட்டும்." கோவிந்தம்மா, "ஓட்டல்ல வேல கீது" என்றாள். "ஒரு நாள் லேட்டா போனா இன்னாம்மா?" என்றார் தணிகாசலம், மிகவும் அன்பாக. காவேரி புளிசாதம் கட்டினாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு அவளும் ஏறினாள். வேனில் போவது அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஒரகடம் தாண்டியதும் சன்னலோரம் காற்று நன்றாக வந்தது. கோவிந்தம்மா வழி நெடுக மடியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் அந்த இடத்தில் கால் வைத்ததில்லை, பஸ்ஸில் தாண்டிப் போனாலும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள் என்பது காவேரிக்குத் தெரியும்.

அங்கே திருவிழாவுக்குப் போலச் சனம். கம்பு நட்டுக் கயிறு கட்டியிருந்தது. வாடிய மாலைகள் குவிந்து கிடந்தன. வேர்க்கடலை வறுப்பவனும் வெள்ளரிப்பிஞ்சு விற்பவளும் கடை போட்டிருந்தார்கள். ஒருவர் தன் பிள்ளையைத் தோளில் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். கோவிந்தம்மா கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று தரையைப் பார்த்தாள். வெறும் மண். புல் முளைக்கத் தொடங்கியிருந்தது.

"எங்க நின்னீங்க நீங்க? மேட எந்தப் பக்கம்?" என்றார் நரசிம்மன்.

அவள் கண் தரையை விட்டு எழவில்லை. அவர் நிற்பது கேட்காத இடது காதுப் பக்கம் என்று காவேரிக்குத் தோன்றியது. அவர் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து மறுபடி கேட்டார்.

"செருப்பு" என்றாள் கோவிந்தம்மா.

"இன்னாம்மா?"

"இங்க முச்சூடும் செருப்பா கெடந்திச்சு. என்னுது எதுன்னு தேடிகினு இருந்தேன். ஆளுங்க கெடக்குறாங்க, தண்ணி கேக்குறாங்க. வாய் அசையறது தெரியுது. நான் செருப்பத் தேடிகினு இருந்தேன்."

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இதை அவள் எந்த ஞாயிற்றுக்கிழமையும் சொன்னதில்லை. மஞ்சுளா புருஷனைப் பார்த்தாள். நரசிம்மன் சங்கடத்தோடு சிரித்து, "அது சரி. மேட எந்தப் பக்கம்னு கேட்டேன்" என்றார். தணிகாசலத்தின் முகம் கறுத்துவிட்டது. "வூட்ல அவ்ளோ நல்லா சொன்ன? கேக்குறாரில்ல?"

கோவிந்தம்மா திரும்பிக் காவேரியைப் பார்த்தாள். சின்ன வயதில் யாராவது அடிக்க வந்தால் ஓடிவந்து அக்கா பாவாடைக்குப் பின்னால் நின்றுகொள்வாள். அந்தப் பார்வைதான். காவேரிக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் புருஷன் முகம் கறுத்தால் பதறிப்போகிற பழக்கம் அதைவிடப் பழையது. அவள் வாய் அவளைக் கேட்காமலே பேசிற்று.

"சொல்லேன் கோயிந்தம்மா. இவ்ளோ தூரம் வந்துகிறாங்க இல்ல."

கோவிந்தம்மா இன்னும் கொஞ்ச நேரம் அக்காவைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, ரோட்டோரமாகத் தண்டலம் பக்கம் நடந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அவள் காதில் விழுந்திருக்குமோ என்னவோ. புளிசாதத்தை ஒரு புளியமர நிழலில் பிரித்துச் சாப்பிட்டார்கள். "பாவம், ஒரு சோடாவாவது வாங்கிக் குடுத்திருக்கலாம்" என்றாள் மஞ்சுளா. "மானத்த வாங்கிட்டா" என்றார் தணிகாசலம். காவேரி எல்லாருக்கும் அப்பளம் வைத்தாள்.

அதற்குப் பிறகு கோவிந்தம்மா வரவில்லை. விருந்தாளிகளும் குறைந்துபோனார்கள். பட்டணத்தில் பேச வேறு விஷயங்கள் வந்துவிட்டன. தணிகாசலம் சாய்வு நாற்காலியில் பேப்பரோடு கிடந்தார். தோட்டத்தில் கொத்தவரை சடைசடையாகக் காய்த்தது. பறித்துப் போடப் போட, தின்ன ஆளில்லாமல் கூடையில் சுருங்கிக் கிடந்தது. ஒரு புதன்கிழமை, ஸ்ரீபெரும்புதூரில் மூக்குக்கண்ணாடி மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுக் காவேரி பஸ் ஏறினாள். அவரிடம் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. அது அவ்வளவு சுலபமாக இருந்தது அவளுக்கு ஆச்சரியமாகக்கூட இல்லை, கசப்பாக இருந்தது.

ஓட்டல் பின்கட்டில் கோவிந்தம்மா ஆட்டுக்கல்லில் இருந்தாள். அக்காவைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, முன்னால் கூட்டிப்போய் பெஞ்சியில் உட்கார வைத்தாள். லாரிக்காரர்களுக்கு நடுவில் இலை போட்டு, தானே இரண்டு தோசை கொண்டுவந்து வைத்தாள். சட்னி ஊற்றினாள். முகத்தில் கோபம் ஒன்றும் தெரியவில்லை. கோபம் தெரிந்திருந்தால் காவேரி அழுதிருப்பாள்.

"அவரு இனிமே கேக்க மாட்டாரு, கோயிந்தம்மா."

"அவரு கேட்டதுல எனக்கு ஒண்ணும் இல்லக்கா. அவரு யாரு எனக்கு?" என்றாள் கோவிந்தம்மா. மிச்சத்தைச் சொல்லாமல் டம்ளரில் தண்ணீர் ஊற்றி நகர்த்தி வைத்தாள். "சூடா கீறப்பவே துன்னு."

காவேரி தின்றாள். விண்டு விண்டு, மிச்சம் வைக்காமல் தின்றாள். இலையை எடுக்கப் போனபோது கோவிந்தம்மா தடுத்து, தானே மடித்து எடுத்தாள்.

"உன் வூட்டுல துன்னதுக்கு இதோட சரியாப் போச்சு" என்றாள். குரலைத் தாழ்த்தி, பக்கத்து ஆளுக்குக் கேட்காதபடி, ஒரு உதவி செய்வதுபோலச் சொன்னாள். "பஸ் எதிர்ச் சாரில நிக்கும். ரோட்ட பாத்துத் தாண்டு."

காவேரி தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றாள். நிழல் இல்லை. பெங்களூர்ப் பக்கமிருந்து தார்ப்பாய் போர்த்திய பெரிய பெரிய வண்டிகள் வந்தபடி இருந்தன. கொஞ்ச நேரத்தில் ஓட்டலின் பக்கவாட்டிலிருந்து கோவிந்தம்மா ஒரு தவலையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கழுநீரை ஒரே வீச்சில் மண்ணில் ஊற்றினாள். நிமிர்ந்தாள். காவேரி கையைத் தூக்கினாள், பாதிதான் தூக்கியிருப்பாள், அதற்குள் நீளமான லாரி ஒன்று இருவருக்கும் நடுவில் புகுந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று. இரண்டும் போய்ப் புழுதி அடங்கியபோது எதிரில் யாரும் இல்லை. ஊற்றிய ஈரம் மட்டும் மண்ணில் கறுப்பாய்ப் படர்ந்து கிடந்தது. வெயில் அதை ஓரத்திலிருந்து உறிஞ்சத் தொடங்கியிருந்தது.